ஆல்ப்ஸ் பனிச்சறுக்கு ஊர்கள்: பார்த்ததைப் பகிருங்க (புதுச்சேரி, கடலூர்)

லாஸ்பேட்டை வாசி
தீபாவளியை ஒட்டி பாரீஸ் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு, அப்படியே பிரான்ஸ் ஆல்ப்ஸ் மலையில இருக்கிற ஷமோனி ஊருக்கு ரயில் ஏறுற நம்ம ஊர்க் குடும்பங்களுக்காக எழுதுறேன். அங்கேர்ந்து எகுய் து மிதிங்கிற சிகரத்துக்குப் போற கேபிள் கார் வாசல், நவம்பர் ரெண்டாவது வாரம், கதவு பூட்டியிருக்கு. ஒரு சின்னப் பையன் கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு உள்ள சும்மா நிக்கிற கேபினையே பார்த்துட்டிருக்கான். "வருஷம் முழுக்கன்னுதானே போட்டிருந்துச்சு"ன்னு அவங்க அம்மா போனைக் காட்டுறாங்க.

அந்த 'வருஷம் முழுக்க' ரெண்டு சீசனைச் சேர்த்துச் சொல்றது. பெரும்பாலான ஊர்கள்ல டிசம்பர் நடுவுலேர்ந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் பனி. ஜூன் பாதிக்கு மேல செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் மலை நடை, சைக்கிள், பாராகிளைடிங். இடையில விழுற ரெண்டு இடைவெளியிலதான் எஃகு வடத்தைக் காந்தக் கருவி வெச்சுச் சோதிப்பாங்க, கேபினைப் பிடிக்கிற கிளாம்ப்பைக் கழட்டி விரிசல் இருக்கான்னு பார்ப்பாங்க. நம்ம மே லீவும் தீபாவளி லீவும் நேரா அந்த இடைவெளியில போய் விழுது! டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் தனித்தனியா திறக்கிற தேதியைப் பாருங்க. ஓட்டல், கடையெல்லாம்கூட அப்போ பாதிக்குப் பாதி சாத்தியிருக்கும்.

வில்லியனூர்க்காரன்
லாஸ்பேட்டை அண்ணா, மே மாசம் எங்கேயும் சறுக்க முடியாதுங்கிற மாதிரி எழுதிட்டீங்க. அது சரியில்ல. சுவிஸ்ல செர்மாட், ஆஸ்திரியாவுல ஹின்டர்டுக்ஸ், ரெண்டு ஊர்லயும் பனியாறு மேல வருஷம் பூரா சறுக்கு உண்டு. ஆனா கோடையில முதல் கேபின்லயே ஏறணும். ராத்திரி உறைஞ்சது விடிகாலைல கெட்டியா இருக்கும், கொஞ்சம் வெயில் பட்டதும் பதமாகும், மதியத்துக்குள்ள குழைஞ்சுடும். குழைஞ்ச பனியில ஸ்கீ (கால்ல மாட்டுற சறுக்குப் பலகை) புதைஞ்சு உடம்பு மட்டும் திரும்பினா முட்டிதான் போகும்.

மனசுல நிக்கிறது வேற ஒண்ணு. எகுய் து மிதி உச்சியில கதவு திறந்ததும் ஒருத்தர் படியில ஓட்டமா ஏறினார். பத்துப் பன்னெண்டு படி தாண்டல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். உதடெல்லாம் வெளுத்துப்போச்சு. ஷமோனி 1035 மீட்டர், உச்சி 3842 மீட்டர், நடுவுல ஒரு தடவை கேபின் மாறி 20 நிமிஷத்துல ஏத்திடுறாங்க. மேல காத்தழுத்தம் நம்ம பீச் ரோட்டுல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குகூட இல்ல. மெதுவா நடங்க, தண்ணி குடிங்க, தலை சுத்தினா அடுத்த கேபின்லயே இறங்கிடுங்க. இதய நோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம ஏற வேணாம்.

முதுநகர்
பட்டன் லிஃப்ட்ல, அதான் ஸ்கீயில நின்னபடியே நம்மளை மேட்டுல இழுத்துட்டுப் போறதுல, உக்காந்தவரை யாராவது பார்த்திருக்கீங்களா? கம்பி நுனியில வட்டத் தட்டு வரும். அதைப் பார்த்ததும் ஸ்டூல்னு நினைச்சு உக்காருவாங்க, ஸ்பிரிங் கம்பி நீண்டு மல்லாக்கத் தள்ளிடும். அன்னிக்கு விழுந்தவர் பாதையிலேயே கிடந்தார், பின்னாடி வந்த மூணு பேர் அவர் மேலேயே வந்து விழுந்தாங்க.

ரெண்டு ஸ்கீயையும் மேட்டைப் பார்த்து இணையா வைங்க. குச்சி ரெண்டையும் ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தட்டைத் தொடைக்கு நடுவுல செருகணும். நின்னபடியே, முட்டியை லேசா மடக்கி, முதல் வெட்டியிழுப்புக்காகக் காத்திருக்கணும். விழுந்துட்டா கம்பியை விட்டுட்டு உடனே பக்கவாட்டுல உருண்டு பாதையை விட்டு வெளியே வந்துடுங்க.

வாடகைக் கடை விஷயமும் சொல்லிடுறேன். பூட்ஸ் அளவு பாதத்தோட நீளம், சென்டிமீட்டர்ல. நேரா நின்னா பெருவிரல் முன்னாடி தொடணும், முட்டியை மடக்கினா விலகணும். சாக்ஸ் ஒண்ணு போதும், மெல்லிசா. குளிருமேன்னு ரெண்டு போட்டா ரத்தம் ஓடாம விரல் இன்னும் சில்லிட்டுப் போகும். பேண்ட் நுனி பூட்ஸுக்குள்ள மடங்கியிருந்தா கால் முன்னெலும்புல புண்ணாயிடும். எடையைக் கூச்சப்பட்டுக் குறைச்சுச் சொல்லாதீங்க. எடை, உயரம், வயசு, அனுபவம், பூட்ஸ் அடி நீளம் இதையெல்லாம் வெச்சுத்தான் ஸ்கீ கழலுற விசையைத் திருகி வைப்பாங்க. விசை குறைஞ்சா சும்மா போகும்போதே கழண்டுக்கும், கூடிப்போனா விழும்போது கழலாம காலைத் திருகிடும். பூட்ஸ் அடியில ஒட்டின பனியைத் தட்டாம மிதிச்சா பூட்டே விழாது.

நெல்லிக்குப்பம்
எல்லாரும் காலைப் பத்தியே பேசுறீங்க, முகத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல. "நாம சித்திரை வெயிலையே பார்த்தவங்க"ன்னு கிரீம் தடவாம போன ஒரு அக்காவுக்குச் சாயந்திரம் மூக்குத் துவாரத்துக்குக் கீழயும் தாடைக்கு அடியிலயும் தோல் உரிஞ்சு நின்னுச்சு. மேலேர்ந்து வந்த வெயில் இல்ல, கீழேர்ந்து வந்தது. சில்வர் பீச் மணல் புற ஊதாக் கதிர்ல சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். புதுப்பனி 80 சதவீதம் வரைக்கும் அடிக்கும். உயரம் 1000 மீட்டர் ஏறினா கதிரும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். மேகம் மூடியிருந்தாலும் கண்ணாடியைக் கழட்டாதீங்க. ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி உறுத்தும்போதுதான் தெரியும்.

கம்பளி கிளவுஸும் வேணாம். பனி ஒட்டி, உருகி, ஊறிடும். உள்ளே காட்டன் பனியனும் அப்படித்தான், வேர்வையை வெச்சுக்கிட்டு லிஃப்ட்ல உக்காரும்போது விறைக்க வைக்கும்.

பாகூர்
மே 20க்கு ஷமோனி டிக்கெட் போட்டாச்சு. அப்பா அம்மாவும் வர்றாங்க. இனி மாத்த முடியாது. என்ன பார்க்கலாம்?

லாஸ்பேட்டை வாசி
தம்பி, கவலைப்படாதீங்க. மோந்தான்வேர் பல்சக்கர ரயில் இருக்கு, 1909லேர்ந்து ஓடுது. அன்னிக்கு ஓடுதான்னு மட்டும் பார்த்துக்கோங்க. மேல போனா மேர் த கிளாஸ் பனியாறு. பழைய படிக்கட்டு வழியில 'பனி இந்த வருஷம் இந்த மட்டத்துல இருந்தது'ன்னு பலகை வெச்சிருக்காங்க. 1990னு போட்ட பலகைகிட்ட நின்னு கீழ பார்த்தீங்கன்னா, பனி எங்கேயோ பள்ளத்துல கிடக்கும். பனி இறங்க இறங்கப் படியைக் கூட்டிக்கிட்டே வந்து 500க்கு மேல போயிடுச்சு. 2024ல புது கேபிள் கார் போட்டிருக்காங்க, அது ஓடினா பெரியவங்களுக்கு முட்டி வலி மிச்சம்.

நடக்கணும்னா பள்ளத்தாக்கு அடியிலேயே ஆத்தோரமா நடங்க. 2000 மீட்டருக்கு மேல வடக்குப் பார்த்த சரிவுகள்ல ஜூன் வரைக்கும் பனி கிடக்கும். சாதா ஷூவோட அதுல கால் வெச்சா வழுக்கி நேரா கீழதான்.