கேத்தி பாலாடா வளைவில் இருந்தது கேரட் தோட்டமா, தரிசுத் தேயிலையா?

கேத்திமகன்:
நீலகிரியில் லவ்டேலில் இருந்து கேத்தி பாலாடா வழியாகக் கைகாட்டி வரை சைக்கிள் ஓட்டிய நண்பர் மலைச்சக்கரம், "வழி முழுவதும் பசுமைதான், விளைநிலம் அழிகிறது என்பது உள்ளூர்க்காரர்களின் வீண் புலம்பல்" என்று நேற்று எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அதே வழியில் இன்று காலை நானும் சைக்கிளில் போனேன். பாலாடாவுக்கு இறங்கும் கடைசி வளைவில், சாலைக்குக் கீழே, சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருக்கும் சரிவைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். நண்பர் பார்த்த பசுமை அந்த வலைதான். அதை விலக்கிப் பார்த்தேன். 6 அடிக்கு மண்ணை வெட்டி எடுத்து, 12 தூண்களுக்குக் கம்பி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அது இரண்டு ஏக்கர் கேரட் தோட்டம். என் அம்மா அங்கே 14 ஆண்டுகள் கேரட் பிடுங்கினார். நள்ளிரவு தாண்டியதும் ஜீப் வரும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உறைபனி படிந்த தழையைப் பிடித்து இழுத்து, விடிவதற்குள் மூட்டைகளைக் கழுவும் இயந்திரத்துக்கு அனுப்பினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி நேரத்துக்குப் போய்ச் சேரும். அவர் விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அந்த இடத்தைக் கடந்து போனவர் எதுவும் அழியவில்லை என்று எழுதலாமா?

மலைச்சக்கரம்:
நான் எழுதியதைத் திரிக்க வேண்டாம். ஆறு ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது கோவையில் இருந்து வந்து இந்த மலையில் சைக்கிள் மிதிக்கிறேன். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவன் அல்ல நான். ஒரு சரிவில் நடக்கும் கட்டுமானத்தை வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கே போய்விட்டது என்று எழுதுவது நியாயமில்லை. அந்த வளைவில் மூச்சு வாங்க எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அங்கே கேரட் இருந்ததே இல்லை. ஆள் நுழைய முடியாமல் வளர்ந்து கிடந்த தரிசுத் தேயிலைதான் இருந்தது.

மேல்ஹட்டி விவசாயி:
மலைச்சக்கரம் தம்பி சொல்வதுதான் சரி, அது தேயிலை. கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்காமல், விட்ட செடி ஆள் உயரம் தாண்டி, தண்டில் பாசி பிடித்து, கிளைகள் மணிக்கட்டுத் தடிமனில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஏன் கவாத்து செய்யவில்லை என்று கேட்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை. 2023 செப்டம்பரில் ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு எங்கள் ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், உண்ணாவிரதம் இருந்தோம். பறிகூலிக்கும் உரத்துக்கும் கொடுத்த பின் கையில் ஒன்றும் நிற்காதபோது, மகளின் திருமணக் கடனை அடைக்க இரண்டு ஏக்கரை விற்றவன் என்ன குற்றம் செய்தான்? அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

கேத்திமகன்:
ஐயா, விற்றவரைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அது கேரட் தோட்டம் என்று எழுதினேன். மறுபடியும் அதையே எழுதுகிறேன். நடுவில் சிமெண்ட் தொட்டி இருக்கிறதே, தேயிலைக்கு யார் தொட்டி கட்டித் தண்ணீர் இறைக்கிறார்கள்? தொட்டியில் இருந்து கீழே போகும் ஸ்பிரிங்லர் குழாயின் மூன்று முனைகள் இன்றும் மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. போன ஆண்டு கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை வெட்டுவது பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் நேரில் பார்த்தேன் என்றீர்கள். பிறகு அந்த மரங்கள் வேறு ஊரில் இருந்தவை என்று தெரிந்தது.

பழைய ஊட்டிக்காரர்:
இருவரும் நேற்று வந்த பயிர்களுக்காகச் சண்டை போடுகிறீர்கள். 1819-இல் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்த பிறகுதான் மேல்நாட்டுக் காய்கறியும் அதன் பின்னால் தேயிலையும் இங்கே வந்தன. அதற்கு முன் சரிவுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, அடியில் சதுப்பு. அந்தச் சதுப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததால்தான் கோடையிலும் ஓடை வற்றவில்லை. வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்துத்தான் கேரட் போட்டார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி போனபோது யாரும் இவ்வளவு கோபப்படவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேத்திமகன்:
பெரியவரே, உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் புல்வெளி போனது என்பதற்காகக் கேரட் தோட்டமும் போகலாம் என்று ஆகிவிடுமா? கேரட் போட்ட மண்ணில் நாளைக்கே பீன்ஸ் போடலாம், சும்மா விட்டால் புல்லாவது முளைக்கும். கான்கிரீட் போட்ட இடத்தில் எதைப் போடுவது?

மேல்ஹட்டி விவசாயி:
ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 2009 நவம்பர் 10-இல் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் சரிவுகள் பெயர்ந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிளறிப் போட்ட கேரட் பாத்தி அந்த மழையில் நின்றிருக்குமா? அந்தச் சரிவு நின்றது. தேயிலை வேர் பிடித்திருந்ததால் நின்றது.

கேத்திமகன்:
நின்றது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கீழ் மூன்று படிகள் ஓடைக்குள் போயின. மழை விட்டதும் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் ஓடையில் இறங்கிக் கல்லைச் சுமந்து வந்து தடுப்புச் சுவரைத் திரும்பக் கட்டினார்கள். எனக்கு அப்போது 16 வயது. நானும் கல் சுமந்தேன். படி கட்டிப் பயிரிட்ட நிலம் அது. இந்தச் சம்பவத்தை நீங்கள் எடுத்து எனக்கே பாடம் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மலைச்சக்கரம்:
என்னிடம் 2022-இல் எடுத்த படம் இருக்கிறது. தொட்டியில் சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறேன். பின்னால் உயரமான புதர் தெளிவாகத் தெரிகிறது. அதைக் கேரட் என்று சொல்ல யாராலும் முடியாது.

கேத்திமகன்:
படத்தைப் பார்த்தேன். அது வரப்பில் தானாக முளைத்த சீகை (வாட்டில்) மரக் கன்று. இலை எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் மிதித்தும் சீகைக்கும் தேயிலைக்கும் வேறுபாடு தெரியாதவர், எங்கள் மலையில் எது அழிந்தது, எது அழியவில்லை என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

மலைச்சக்கரம்:
உங்கள் மலை என்று எழுதியதைக் கண்டிக்கிறேன். இங்கே மிதிக்க நான் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

குன்னூர் சரஸ்வதி:
தம்பிகளா, கேரட்டோ தேயிலையோ, அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று ஒருவராவது கேளுங்கள். 1990-இல் ஹாகா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பை ஏற்படுத்தியதே இதற்காகத்தான். பொக்லைன் கொண்டு மண்ணை வெட்டவும் இந்த மாவட்டத்தில் முன் அனுமதி வேண்டும். 2024 மே 7-இல் இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்து எண்ணுகிறார்கள். இப்படி எழும் அறைகளை எண்ணுவதாகத் தெரியவில்லை. பயிர் எது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்றால் கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கலைப் பாருங்கள். எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் என்று எழுதியிருக்கும்.

மேல்ஹட்டி விவசாயி:
அக்கா சொல்வது நல்ல யோசனை. அடங்கலில் தேயிலை என்றுதான் இருக்கும்.

கேத்திமகன்:
அடங்கலில் தேயிலை என்று இருந்தால் அது முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியதை வருடா வருடம் பார்த்து எழுதியதாக இருக்கும். எங்கள் வீட்டு நிலத்தில் பூண்டு போட்டிருந்த ஆண்டிலும் அடங்கலில் உருளைக்கிழங்கு என்றே இருந்தது. தாளில் என்ன இருந்தாலும் அம்மா பிடுங்கியது கேரட்.

பழைய ஊட்டிக்காரர்:
அடங்கலும் வேண்டாம், படமும் வேண்டாம். அதற்கு முன் அது புல்வெளி.

குன்னூர் சரஸ்வதி:
ஒப்புதல் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கேத்திமகன்:
தொட்டிக்குப் பின்னால் பொக்லைன் எட்டாத மூலையில் ஒரு பாத்தி அகலத்துக்கு மண் அப்படியே இருக்கிறது. அதில் தப்பிய நான்கைந்து கேரட்டுகள் தழை விட்டுப் பூத்து, குடை குடையாக வெள்ளைப் பூவுடன் நிற்கின்றன. நாளை காலை 6 மணிக்கு அங்கே நிற்பேன். தேயிலை என்று சொல்பவர்கள் வந்து பார்க்கட்டும்.

மேல்ஹட்டி விவசாயி:
வருகிறேன். மண்வெட்டியும் கொண்டு வருகிறேன். அந்தப் பாத்திக்கு அடியில் தேயிலை வேர் இருக்கும்.