செவ்வந்திக்கு ராத்திரி விளக்கு போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ஓசூர் பக்கம் 20 சென்ட்டில் பூ வளர்த்து, எங்கள் சின்ன பொக்கே கடைக்கே வெட்டிக்கொள்கிறோம். சம்பங்கி, கோழிக்கொண்டையில் தொல்லை இல்லை. செவ்வந்திதான் படுத்துகிறது. முழங்கால் உயரம் வருவதற்குள் மொட்டு வைத்துவிடுகிறது. உதிரிப்பூவாக விற்கலாம், பொக்கேவுக்குக் காம்பு பத்தாது.

பகல் குறைந்தால் பூக்கும் செடி இது. இங்கே ஆனி மாதத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடாது, பாவம் அது என்ன செய்யும்! அதனால் மொட்டு தள்ளிப்போய்க் காம்பு நீளட்டும் என்று ராத்திரி 10 முதல் 2 வரை பல்பு எரியவிட்டு, கார்த்திகை பிறந்ததும் நிறுத்தினால் தை முகூர்த்தத்துக்குப் பூ கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

திறந்தவெளியில் இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்: சிவப்பு எல்இடி போதுமா? எத்தனை அடிக்கு ஒரு பல்பு? நுனி கிள்ளுவது எப்போது? அப்புறம், வெளிச்சத்துக்கு வரும் பூச்சியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?