கோதாரின் 'ஆர்மீட்': பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அல்சூர் வாசகி:
ஒரு தோழி வீட்டு மொட்டை மாடியில் ப்ரொஜெக்டர் வைத்து 'ஆரியா' பார்த்தோம். ஆபரா, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய நாடகம், அதன் இசையை வைத்துப் பத்து இயக்குநர்கள் செய்த 1987ஆம் வருடப் படம். அதில் பிரெஞ்சு இயக்குநர் கோதார் எடுத்த 'ஆர்மீட்' பகுதிதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஒரு ஜிம். ஆண்கள் எடை தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு இளம்பெண்கள் துடைத்துக்கொண்டு திரிகிறார்கள். கருவிகளைத் துடைத்த கையோடு அந்த ஆண்களின் உடம்பையும் துடைக்கிறார்கள். ஒருத்தனும் திரும்பவில்லை. உடையைக் களைந்தாலும், முதுகுக்குப் பின்னால் கத்தியை ஓங்கினாலும் அதே கதைதான்.

இதற்கு மூலமான, இசையமைப்பாளர் லுல்லியின் 'ஆர்மீட்' ஆபரா 1686இல் பாரிஸில் அரங்கேறியது. மந்திரக்காரி ஆர்மீட், எதிரி ரெனோவைக் குத்த வந்து, அவன் முகத்தைப் பார்த்துக் கை ஓங்கியபடி நின்றுவிடுவாள். அவனாவது மந்திரத்தில் தூங்குகிறான். ஜிம்மில் இருப்பவர்கள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

எங்களோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். "மாப் போடும்போது காலை மட்டும் தூக்கிக்குவாங்க கண்ணு, தலையைத் தூக்க மாட்டாங்க" என்றார். கத்திக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ஃப்ரேசர் டவுன்காரன்:
அக்கா சொன்னதுதான் சரி. நாங்கள் பார்த்தபோது கூட இருந்தவர்கள் அந்தப் பெண்களை "உயிரே இல்லாத ஜென்மங்கள்" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. பாட்டு எழும்பும், சட்டென்று அறுந்துபோகும், இரும்புச் சத்தம், மறுபடி பாட்டு. அறுந்த இடங்களில் அந்த முகங்களைப் பாருங்கள்.

இன்னொன்று. ஆபராவின் அந்தக் கத்திக் கட்டம் பற்றியே பழைய சண்டை ஒன்று உண்டு. அவள் மனம் இத்தனை புரண்டும் இசையில் அசைவே இல்லை என்று 1753இல் தத்துவவாதி ரூசோ தாக்கினார். அசைவெல்லாம் பாட்டுக்கு அடியில் ஓடும் ஹார்மனியில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் இணைப்பில் இருக்கிறது என்று இசையமைப்பாளர் ராமோ மறுத்து எழுதினார். இந்தப் பெண்களுக்கும் அதே பதில்தான். அந்தக் கத்திக் கட்டம் வரும், ஆபராவின் இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியை முதலில் தனியாகக் கேட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

ஜீவன்பீமா நகர் அம்மா:
கேட்டேன், பார்த்தேன். இசை உலுக்கிவிட்டது. ஆனால் யாரும் பார்க்காத பெண்களைக் காட்ட, அவர்களை உடையில்லாமல் நிறுத்தத்தான் வேண்டுமா? எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஆண்கள் பார்க்கவில்லை, சரி. கேமரா பார்த்துக்கொண்டுதானே இருந்தது.