ஏஐ ஏஜென்டுகளுக்காக ரெப்போ கருவிகளின் விளக்கத்தை எழுதுவது எப்படி?

கேள்வி: நிரல்நெசவு

வணக்கம். எங்கள் குழுவின் ரெப்போவில் (நிரல் கோப்புகளின் சேமிப்பகம்) பில்ட் (நிரலைத் தொகுத்தல்), டெஸ்ட், சுத்தம் செய்தல் என்று பதினொரு சிறு ஸ்கிரிப்டுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ரீட்மீ கோப்பில் ஒரு வரி விளக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர்கள் அதைப் படித்துவிட்டு, விளங்காததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள். சென்ற மாதம், தானே கட்டளைகளை இயக்கி வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைப் பயன்படுத்தத் தொடங்கினோம். ஒரு நாள் பில்ட் தோற்றபோது, ‘ரெப்போவைச் சுத்தம் செய்யும்’ என்று நான் எழுதியிருந்த வரியை நம்பி அது அந்த ஸ்கிரிப்டை இயக்கிவிட்டது. உள்ளே இருந்தது, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியின் ‘கிட் கிளீன்’ கட்டளை, எஃப், டி, எக்ஸ் ஆகிய மூன்று ஃபிளாக்குகளுடன் (கட்டளையின் போக்கை மாற்றும் குறிகள்). கிட்டில் இன்னும் சேர்க்காத புதிய கோப்புகளும், கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) குறித்திருந்த உள்ளமைவுக் கோப்பும் அழிந்துவிட்டன. அவை கிட்டில் ஏறாதவை என்பதால் மீட்க வழியில்லை. ஏஜென்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த வரியை எழுதியவன் நான். இனி எதை எழுத வேண்டும், எவ்வளவு எழுத வேண்டும்?

மறுமொழி: கிளைவழி

உங்கள் வரி கருவியின் நோக்கத்தைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘கிட்டில் சேர்க்காத எல்லாக் கோப்புகளையும், கிட்இக்னோரில் உள்ளவை உட்பட, நிரந்தரமாக அழிக்கும். மீட்க முடியாது. பில்ட் தோல்விக்கு இது தீர்வல்ல. பில்ட் கோப்புறையை மட்டும் நீக்க வேறு ஸ்கிரிப்ட் உள்ளது. இயக்குமுன் எஃப் ஃபிளாக்குக்குப் பதில் ‘n’ ஃபிளாக்கை (அழிக்காமல் பட்டியல் மட்டும் காட்டும்) டி, எக்ஸுடன் சேர்த்துக் கிட் கிளீனை ஓட்டி, அழியப்போகும் பட்டியலைப் பயனரிடம் காட்டி ஒப்புதல் பெறவும்.’ எப்போது பயன்படுத்தக் கூடாது, அப்போது எதைப் பயன்படுத்த வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் இதில் முக்கியம். தடையை மட்டும் எழுதினால், ஏஜென்ட் அதே வேலையைச் செய்ய வேறொரு கட்டளையைத் தேடிப் போகும்.

ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளுடன் இணைக்க 2024 நவம்பரில் வெளியான எம்சிபி நெறிமுறையின் வழியே கருவிகளைத் தருவதாக இருந்தால், ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக் கூடியது’ என்று குறிக்கும் அடையாளங்கள் அதன் பிந்தைய பதிப்புகளில் உள்ளன. அவற்றையும் நிரப்புங்கள். ஆனால் அவை குறிப்புகள் மட்டுமே, தாமாக எதையும் தடுப்பதில்லை.

மறுமொழி: பின்னொட்டு

முந்தைய மறுமொழியுடன் உடன்படுகிறேன். பலரும் எழுதாமல் விடுவது, கருவி முடிந்தபின் திருப்பித் தரும் எண்ணின் பொருளை. ‘கிட் கிரெப்’ தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1 என்று தரும். எக்ஸிட்-கோட் தெரிவுடன் இயக்கிய ‘கிட் டிஃப்’ வேறுபாடு இருந்தால் 1 தரும். இரண்டும் பிழையல்ல. இதை எழுதி வைக்காவிட்டால், ஏஜென்ட் அந்த 1ஐத் தோல்வியாகக் கருதி, பழுதே இல்லாத இடத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கக்கூடும்.

விடைக்காகக் காத்து நிற்கும் கட்டளைகளையும் குறிப்பிடுங்கள். செய்தி கொடுக்காமல் ‘கிட் கமிட்’ செய்தால் எடிட்டர் திறந்துகொள்ளும், ஏஜென்ட் அங்கேயே நின்றுவிடும். வெளியீட்டைப் படித்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில், ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளையைப் போர்சலின் தெரிவுடன் இயக்கச் சொல்லுங்கள். பதிப்புகள் மாறினாலும் மாறாத வடிவம் அது.

மறுமொழி: மூலக்குறி

எவ்வளவு என்ற கேள்விக்கு என் கருத்து சற்று வேறு. ஏஜென்டுக்கான அறிவுரைகளை எழுதி வைக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி போன்ற கோப்பு வேலை தொடங்கும்போதெல்லாம் முழுமையாகப் படிக்கப்படுகிறது. பதினொரு கருவிகளின் முழு விவரத்தையும் அதில் கொட்டினால், உயிர்நாடியான எச்சரிக்கை நடுவில் புதைந்துபோகும். ஆபத்தானவற்றையும் அன்றாடம் தேவைப்படுபவற்றையும் மட்டும் அங்கே வையுங்கள். மற்றவற்றை அந்தந்த ஸ்கிரிப்டின் ஹெல்ப் வெளியீட்டிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று: ஒரு கருவியை விளக்கப் பத்து வரி தேவைப்பட்டால், முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். ‘கிட் செக்அவுட்’ கிளை (நிரலின் இணைப் பதிவு வரிசை) மாற்றவும் உதவும், கோப்பில் நாம் செய்த மாற்றங்களைக் கேட்காமலே அழிக்கவும் செய்யும். அந்தக் குழப்பத்தை விளக்கத்தால் மட்டும் தீர்க்க இயலாமல்தான், 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பில் ‘ஸ்விட்ச்’, ‘ரிஸ்டோர்’ என்ற இரு கட்டளைகளாக அந்த வேலைகளைப் பிரித்துத் தந்தார்கள். உங்கள் ‘சுத்தம்’ ஸ்கிரிப்டுக்கும் ‘அனைத்தையும் அழி’ என்று பெயர் மாற்றுவதே முதல் திருத்தமாக இருக்கட்டும்.

நிரல்நெசவு

மூவருக்கும் நன்றி. பெயரை மாற்றிவிட்டேன், உறுதி செய்யும் தனித் தெரிவு இல்லாமல் இயக்கினால், இப்போது அது பட்டியலை மட்டுமே காட்டும். மற்ற பத்துக்கும் எழுத உட்கார்ந்தபோது, இரண்டு டெஸ்ட் ஸ்கிரிப்டுகளில் எதை எப்போது இயக்க வேண்டும் என்று என்னாலேயே எழுத முடியவில்லை. குழுவில் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்றை நீக்கிவிட்டோம்.