'காமராட்ஷாஃப்ட்' (1931) படத்துக்குச் சரியான சப்டைட்டில் வேண்டும்

பாப்ஸ்ட் இயக்கிய படம். 1906இல் பிரான்சின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்த விபத்தை வைத்து எடுத்தது. கதையை மட்டும் முதல் உலகப் போருக்குப் பிந்தைய பிரெஞ்சு-ஜெர்மன் எல்லைக்கு நகர்த்தியிருக்கிறார். பிரெஞ்சுத் தொழிலாளர்களைக் காப்பாற்ற ஜெர்மன் தொழிலாளர்கள் வருவார்கள். இந்த வாரக் கடைசியில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும்.

பிரச்சினை இதுதான்: பேச்சு பாதி ஜெர்மன், பாதி பிரெஞ்சு. கிடைத்த ஆங்கில எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைலில் ஜெர்மனுக்கு மட்டும்தான் வரிகள் இருக்கின்றன. முகமூடியோடு வரும் மீட்பாளரைப் பார்த்து, போர்முனை நினைவில் ஒரு பிரெஞ்சுக்காரர் மிரண்டு பாய்வாரே, அந்தக் காட்சியைச் சுற்றி ஒரு வரிகூட இல்லை!

போதாததற்கு நேரமும் ஒத்துவரவில்லை. விஎல்சி பிளேயரில் சப்டைட்டில் நேரத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், போகப் போக விலகுகிறது. 'சப்டைட்டில் எடிட்' மென்பொருளில் நொடிக்கு 25 ஃபிரேமிலிருந்து 23.976க்கு மாற்றினேன். முதல் பாதி சரியாகிவிட்டது, அப்புறம் திடீரென்று தாவுகிறது. என் பிரதி வேறு வெட்டு (வேறு விதமாக எடிட் செய்த பதிப்பு) என்று நினைக்கிறேன். சுரங்கத்துக்குள் எல்லைக் கம்பிகளை மறுபடி அடைக்கும் கடைசிக் காட்சி இதில் இருக்கிறது.

அந்தக் காட்சி உள்ள பிரதிக்குப் பொருந்துகிற, இரண்டு மொழிக்கும் வரிகள் உள்ள எஸ்ஆர்டி யாரிடமாவது இருக்கிறதா?