உதவி தேவை: மருத்துவர் தந்த வலி மருந்தைப் பூனை நுரையோடு துப்பிவிடுகிறது

மழைமேகம்:
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மருந்தை வாயில் விட்டவுடன் எங்கள் பூனை தலையை உதறி, நுரை தள்ளி, பாதியைத் துப்பிவிடுகிறது. உணவில் கலந்து வைத்தாலோ முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. துப்பியதை ஈடுகட்ட இன்னொரு முறை கொடுக்கலாமா? குழந்தைக்கு வாங்கிய பாராசிட்டமால் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. இனிப்பாக இருக்கும் அதில் இரண்டு சொட்டு கொடுத்தால் இரவு முனகாமல் தூங்குமா?

சாம்பல்வால்:
பாராசிட்டமாலை ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், தேங்கும் நச்சு சிவப்பணுக்களைத் தாக்கி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு பழுப்பாக மாறுவதும், முகமும் பாதமும் வீங்குவதும், மூச்சு வாங்குவதும் அதன் அடையாளங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துப்பிய மருந்தையும் மறுபடி கொடுக்க வேண்டாம். எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தின் பெயர் என்ன, பூனையின் எடை என்ன, எதற்காகக் கொடுத்தார்கள், அது சாப்பிடுகிறதா?

கற்பூரவல்லி:
பிடிக்கும் விதம்தான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. கழுத்துவரை துண்டில் சுற்றி, தலையை அண்ணாத்தாமல், ஊசியில்லாத சிரிஞ்சின் நுனியைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள கன்னக் குழியில் வைத்து, சிறிது சிறிதாக விட்டு, அது விழுங்கும்வரை பொறுத்திருங்கள். மருந்தின் சுவை பிடிக்காவிட்டாலும் நுரை வரும். நுரையைக் கண்டவுடன் நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை.

வெண்பாதம்:
அது புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தாக இருந்தால் விழுங்கவே தேவையில்லை. அந்த மருந்து ஈறு, கன்னம் ஆகியவற்றின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேரும். விழுங்கினால்தான் கல்லீரல் பெரும்பகுதியை வீணாக்கிவிடும். அதை உணவில் கலப்பதும் தவறு.

நெடுநாள்வாசகர்:
மருந்தின் பெயரைச் சொல்லாமல் மருந்தைப் பற்றிக் கேட்பதும், பெயர் தெரியாமலே ஆளுக்கொரு விளக்கம் சொல்வதும் இங்கே வழக்கமாகிவிட்டது. பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறேன்: குப்பியின் சீட்டை முழுவதும் படித்து எழுதுங்கள். அதைச் செய்ய இயலாதவர்கள் வீட்டில் மருந்து கொடுக்க முற்படக் கூடாது.

மழைமேகம்:
பாராசிட்டமால் கொடுக்கவில்லை. மருந்து மெலாக்சிகாம், சீட்டில் 1 மி.லி.க்கு 1.5 மி.கி. என்று இருக்கிறது, நாயின் படமும் இருக்கிறது. பூனை 4 கிலோ. பல் பிடுங்கினார்கள். குப்பியோடு சிரிஞ்ச் வரவில்லை. முன்பு வாங்கிய பூனை மருந்தின் சிரிஞ்சில் 4 கிலோ கோடுவரை எடுத்துக் கொடுக்கிறேன். இன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

சாம்பல்வால்:
அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள். பூனைக்கான மெலாக்சிகாம் வழக்கமாக 1 மி.லி.க்கு 0.5 மி.கி. வலிமை உடையது, கிலோ அளவில் கோடிட்ட சிரிஞ்ச் அந்த வலிமைக்கே பொருந்தும். கிலோவுக்கு 0.05 மி.கி. என்ற தொடர் அளவில் 4 கிலோ கோடு 0.4 மி.லி., அதாவது 0.2 மி.கி. அதே கோடுவரை 1.5 மி.கி. மருந்தை எடுத்தால் 0.6 மி.கி. ஆகிவிடுகிறது, மும்மடங்கு. மருத்துவர் தெரிந்தே இந்த வலிமையை எழுதியிருக்கலாம், ஆனால் அப்போது அளவை மி.லி.யில் சொல்லியிருப்பார், சீட்டில் தேடிப் பாருங்கள். சாப்பிடாத, வாந்தி எடுக்கிற, உடலில் நீர் வற்றிய பூனைக்கு இவ்வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடும்.

கற்பூரவல்லி:
மெலாக்சிகாமையே பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்பேன். அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரும் போகலாம் என்று 2010-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருந்துச் சீட்டிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

வெண்பாதம்:
ஐரோப்பாவில் அதே மருந்தின் 0.5 மி.கி. வடிவம் மூட்டு வலியுள்ள பூனைகளுக்கு நெடுங்காலம் கொடுக்கவே அனுமதி பெற்றிருக்கிறது. அளவும் கண்காணிப்பும்தான் வேறுபாடு. வலியோடு கிடக்கும் பூனையும் சாப்பிடாது என்பதை மறந்து மருந்தைப் பழிப்பது நியாயமல்ல.

கற்பூரவல்லி:
கண்காணிப்பு எத்தனை வீடுகளில் நடக்கிறது? இந்த வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகுமா?

நெடுநாள்வாசகர்:
இருவரும் வேறு இழையில் வாதிடுங்கள். கேட்டவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஸ்டீராய்டு ஊசி ஏதும் போடப்பட்டிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இரைப்பையிலும் குடலிலும் புண் வரக்கூடும்.

மழைமேகம்:
மருத்துவரிடம் பேசிவிட்டேன். சீட்டின் பின்புறம் 0.13 மி.லி. என்று கையால் எழுதியிருந்தது. மருந்தை நிறுத்திவிட்டு இப்போதே கொண்டு வரச் சொன்னார். சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்வார்களாம். கிளம்புகிறோம்.

வெண்பாதம்:
குப்பியையும் அந்தச் சிரிஞ்சையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாகக் கொடுத்த நேரத்தையும், அதன் பின் சிறுநீர் கழித்ததா, மலம் கருப்பாக இருந்ததா என்பதையும் கேட்பார்கள். போகும் வழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.