இஞ்ச் மட்டும் சொல்லி செயின் வாங்க வேண்டாம்

நாங்குநேரியிலிருந்து:

உடை மரமும் சீமைக்கருவேலமும் அறுக்கிற வேலை எனக்கு. போன கோடையில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் தன் 58 சிசி செயின்சாவை, அதாவது மரம் அறுக்கும் மெஷினை, தூக்கிக்கொண்டு வந்தார். புது செயின் மாட்டியதிலிருந்து கடகடவென்று சத்தம். இறுக்கினால் ஓடவில்லை, தளர்த்தினால் பாரை (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) விட்டுக் கழன்றுவிடுகிறது. கடையில் பாரின் நீளத்தை மட்டும் சொல்லி “22 இஞ்ச் செயின்” என்று கேட்டிருக்கிறார். அவர்களும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

செயினை வாங்கி, ஒரு ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவது ரிவெட்டின் நடு வரை அளந்தேன். அதில் பாதிதான் பிட்ச். அவருடைய ஸ்ப்ராக்கெட், அதாவது எஞ்சின் பக்கம் செயினை ஓட்டும் பல் சக்கரம், .325 இஞ்ச் பிட்ச்; அதற்கு அந்த அளவு 16.5 மில்லி வர வேண்டும். புது செயினில் பதினெட்டரைக்கு மேல் காட்டியது, அதாவது 3/8 இஞ்ச் பிட்ச். ஸ்ப்ராக்கெட், பாரின் மூக்கில் இருக்கும் சின்னச் சக்கரம், செயின் மூன்றும் ஒரே பிட்சாக இல்லாவிட்டால் பல் பள்ளத்தில் உட்காராது. அந்த வேகத்தில் செயின் அறுந்தால் கையோ முகமோ போய்விடும். தயவுசெய்து ‘ஓடுது, போதும்’ என்று விடாதீர்கள்.

அடுத்தது கேஜ், அதாவது செயினின் அடியில் பார் பள்ளத்துக்குள் இறங்கும் பல்லான டிரைவ் லிங்கின் தடிமன். 1.5 மில்லி பள்ளத்தில் 1.3 செயின் தாராளமாக இறங்கும்; அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே ஆடி, சாய்ந்து, அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும். கடைசியாக டிரைவ் லிங்க் எண்ணிக்கை. இந்த மூன்றும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில் அடித்திருக்கும். எழுத்து அழிந்திருந்தால் பழைய செயினையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சி சொன்னது சரி. நான் ரிப்பேர் வேலை பார்க்கிறேன், ஸ்ப்ராக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் சாய்ந்து கிடந்த மரங்களை அறுத்த மெஷின்கள் எங்களிடம் நிறைய வந்தன. பட்டைக்குள் முழுக்க மணல். செயின் மழுங்க மழுங்க மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஸ்ப்ராக்கெட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவ் லிங்க் உரசி உரசி அதில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தத் தேய்ந்த பல்லில் புது செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே நீண்டு தளர்ந்துவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. டிரம்மின் மேல் பல் வளையம் தனியாக மாட்டும் ரிம் வகையாக இருந்தால் டிரம்மை விட்டுவிட்டு ரிம்மை மட்டும் மாற்றலாம், செலவு குறைவு. ஸ்ப்ராக்கெட்டை மாற்றக் கிளட்ச்சைக் கழற்றும்போது கவனம்: பெரும்பாலான மெஷின்களில் அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் அடித்து உடைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

மணலும் மண்ணும் ஒட்டிய மரத்துக்கு முனை உருண்ட செமி சிசல் பல் வாங்குங்கள். கூர்மூலை வைத்த ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் வேகமாகப் போகும், மண் பட்டால் உடனே மழுங்கிவிடும்.

திசையன்விளையிலிருந்து:

என்னிடமும் 22 இஞ்ச் பார்தான், .325 பிட்ச். அறுப்பது எல்லாம் வேலி ஓரத்துக் கருவேலம். 18-க்கு மாறினால் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்ற வேண்டுமா அண்ணாச்சி?

நாங்குநேரியிலிருந்து:

வேண்டாம் தம்பி. பிட்ச் அதேதான் என்றால் ஸ்ப்ராக்கெட் அப்படியே இருக்கட்டும், தேய்மானம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரும் செயினும் மாறும். இந்த 58 சிசி மெஷின்களில் 22 இஞ்சுக்குப் பொதுவாக 86 டிரைவ் லிங்க், 18-க்கு 72. பார் உங்கள் மெஷினின் போல்ட்டிலும் ஆயில் துவாரத்திலும் சரியாக உட்காருகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். நம்ம ஊர்க் கருவேலத்தின் பருமனுக்கு 18 தாராளம். வைரம் பாய்ந்த கட்டையில் பார் குட்டையாக இருந்தால் எஞ்சின் திணறாது, கைக்கும் அடங்கி நிற்கும். செயின் பல்லைத் தீட்ட அரம் 4.8 மில்லி வாங்கிக்கொள்ளுங்கள், .325-க்கு அதுதான்.